உன் வீட்டில் குடித்த கலர்

இன்று காலை பீரோவைத் துடைத்த மருமகள், அந்தச் சிவப்புக் குடுக்கையைக் கையில் எடுத்து, "அத்தே, சும்மாதான கெடக்கு, வெந்தயம் போட்டு வெக்கட்டுமா?" என்று கேட்டாள். பிடுங்கிக்கொண்டேன். முகர்ந்து பார்த்தேன். வறுத்த சோளமும் ஏதோ ஒரு கசப்புக் கொட்டையும் கலந்த வாசனை இன்னும் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உனக்கு அந்த வாசனை தெரியாது, கதை மட்டும்தான் தெரியும். அந்தக் கதையை நான் சொன்ன லட்சணத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஐந்தாவது வரை நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தோம். அதோடு இரண்டு பேருக்கும் படிப்பு நின்றது. கல்யாணம் ஆகியும் இதே ஊர்தான். நீ காலனியில், நான் ஊர்த்தெருவில். வருஷா வருஷம் ஒரே முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கினோம். பள்ளிக்கூடத்தில் என்னை 'வாடி' என்றவள், பிறகு 'வாங்க' என்றாய். நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

மகன் மெக்சிகோவுக்கு வேலைக்குப் போய் என்னையும் மூன்று மாதம் அழைத்து வைத்துக்கொண்டான். எங்கள் தெருவில் விமானம் ஏறிய முதல் பொம்பளை நான்தான். அந்தப் பெருமை இப்போதும் குறையவில்லை, உன்னிடம் மறைப்பானேன். லீவு விட்டதும் வஹாகா என்ற பக்கம் கூட்டிப்போனான். திரும்பி வந்து முதல் நாள் காட்டுக்கு வந்தபோது, உடையார்பாளையத்துக்கு அப்பால் உலகம் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்கிற மாதிரி ஆரம்பித்தேன்.

மரத்தடியில் உட்கார்ந்து அவரவர் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தோம். தூலே என்ற ஊரில் கோயில் வாசலில் நிற்கும் மரத்தைச் சொன்னேன். நம் காட்டுப் பொம்பளைகள் எல்லாரும் கைகோத்து நின்றாலும் சுற்றி வளைக்க முடியாது என்றேன். அருவி அப்படியே கல்லாகிப்போய் மலையில் தொங்குகிறது என்றேன். மார்க்கெட்டில் முறம் அகலத்துக்குச் சோள ரொட்டியைக் கரியில் சுட்டு, பயறு மசியலைத் தடவித் தந்ததை, வெட்டுக்கிளியை உப்புக் காரம் போட்டு வறுத்துக் குவித்திருந்ததை எல்லாம் சொன்னேன். தின்னீங்களா என்று யாரோ கேட்டார்கள். நாலு தின்னேன் என்றேன். ஒரே சிரிப்பு.

கடைசியாகத்தான் இந்தக் குடுக்கைக்கு வந்தேன். ஒரு கிழவி பெரிய மண்சட்டியில் சோள மாவும் கொட்டைப் பொடியும் கரைத்து, முழங்கை வரை கையை விட்டுக் கலக்குவாள், மேலே நுரை பொங்கி நிற்கும், குடுக்கையில் மொண்டு தருவாள், குளுகுளுவென்று இறங்கும் என்றேன். குடித்த குடுக்கையையே கேட்டு வாங்கி வந்ததையும் சொன்னேன்.

அப்போதுதான் நீ கேட்டாய்.

"அந்தம்மா கைய வுட்டுக் கலக்குனதையா குடிச்சீங்க?"

"ஆமாங்கிறேன். அவ்ளோ ருசி."

"அப்ப நானும் அங்கேயே போயி ஒரு வூடு கட்டிக்கிறங்க. அங்க வந்தாலாவது எங்கையால ஒரு வாய் காப்பி குடிப்பீங்கள்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். நீ தூக்குச்சட்டியைக் கழுவப் போனாய். நான் கூடையை எடுத்துக்கொண்டு வேறு வரிசை மரத்துக்குப் போய்விட்டேன். அந்த வருஷம் முழுக்க உன் பக்கத்து மரத்தில் நான் பொறுக்கவில்லை.

நான் மெக்சிகோ போவதற்குச் சில வருஷம் முந்தி, நீ காலனியில் மெத்தை வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்றைக்கு வந்தேன். நெய் வழியக் கேசரி கிண்டியிருந்தாய். சுகர் இருக்கு, வேண்டாம் என்றேன். நீ கடையிலிருந்து ஒரு பாட்டில் கலர் வாங்கிவரச் சொன்னாய். மூடியை என் கண்ணெதிரே திறந்து நீட்டினாய். சுகர்காரி நான் அந்த இனிப்புத் தண்ணீரை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். நீ பார்த்துக்கொண்டே நின்றாய். அதன் பிறகு எப்போது வந்தாலும் நீயாகவே கலருக்கு ஆளனுப்பினாய். என் வீட்டுப் பலகாரத்தையோ நீ ஒரு நாளும் வேண்டாமென்று சொன்னதில்லை, கொல்லைப்பக்கம் நின்றே தின்றாய்.

கடல் தாண்டிப் போய், பேர் தெரியாதவள் கை பட்டதைக் குடித்தவள் நான். அங்கே என்னைப் பார்க்க எங்கள் தெரு ஆட்கள் யாரும் இல்லை, அவ்வளவுதான் விஷயம். இதை எனக்கே நான் ஒத்துக்கொள்ள இத்தனை நாளாயிற்று.

காட்டில் அப்படிக் கேட்ட நீ, அடுத்த முந்திரிப் பூ விடுவதற்குள் போய்விட்டாய். பதினாறாம் நாள் உன் வீட்டுக்கு வந்தேன். இந்த முறை சோறே கேட்டுச் சாப்பிட்டுவிடுவது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தேன். வாசலில் எங்கள் தெரு ஆட்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். உன் மகள் என்னைக் கண்டதும், "பெரியம்மாவுக்கு ஒரு கலர் வாங்கியாங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். அப்படியே உன் குரல். உன்னை மாதிரியே மூடியை என் முன்னால் திறந்தாள். பந்தியில் சாம்பார் வாசனை வந்தது. நான் அந்த நாலு பேரையும் ஒரு தரம் பார்த்தேன். வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வஹாகாவில் தின்றது குடித்தது ஒன்றும் இப்போது நாக்கில் இல்லை. உன் வாசலில் குடித்த அந்தக் கலர்தான் நிற்கிறது. நாளைக்குப் போய் உன் மகளிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பேன் என்று மேலே ஒரு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அந்தத் தண்ணீரைக் குடித்த பிறகு எழுதினால்தான் அந்த வரி உன் முன்னால் நிற்கும்.