அட்டையில் காயாத ஈரம்

ஐப்பசி 9, செவ்வாய்க்கிழமை.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு முதல்முறையாக நேற்றுதான் காரை எடுத்தோம். இன்று என் மகளையும் கைக்குழந்தையையும் அதில் ஆலங்காயத்தில் விட்டு வருவதாக இருந்தது. கொழுந்தன் சேகர் நேற்றுச் சாயந்திரம் ஓட்டிப் பார்த்து வாசலில் நிறுத்தினான். நான் ஒரு ஷூ பெட்டி அட்டையை காருக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

அவர் இருந்தவரை தினமும் அப்படித்தான். நான் ஷூ கம்பெனி விட்டு வந்தால், சாப்பிட்டியா என்று கேட்க மாட்டார். "செல்வி, அட்டை கொண்டாந்தியா?" என்பார். விடிந்ததும் அதை இழுத்து, காரில் எது ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க, விழுந்த சொட்டு கறுப்பா, சிவப்பா, பச்சையா என்று பார்ப்பார். எனக்குச் சிரிப்பாக வரும்.

காலையில் பார்த்தால், முன்சக்கரத்துக்கு நேராக அட்டையில் ஈரம். நிறமே தெரியவில்லை.

"ஏசி தண்ணி அண்ணி. இதுக்கு இன்னாத்துக்கு பேஜாராவுறீங்க?" என்றான் சேகர்.

தண்ணீராக இருந்தால் விடிவதற்குள் காய்ந்திருக்கும். இது விரலில் வழுக்கியது. சக்கரத்துக்கிட்ட நிறமில்லாமல் வழுக்கினால் பிரேக் ஆயில், வண்டியை எடுக்கவே கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"பிரேக் ஆயில்டா சேகரு. சாவியைக் குடு."

"அண்ணனே எதிர்ல நின்னு அதட்டுற மாதிரி கீது" என்று கொடுத்தான்.

மெக்கானிக் வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். பிரேக் ஆயில்தான். மகள் குழந்தையோடு பஸ்ஸில் போனாள். போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள். அதுவரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

சாயந்திரம் கம்பெனியிலிருந்து வரும்போது என்னை அறியாமல் கையில் ஓர் அட்டை. வாசலில் கார் நின்றது. யாரும் கேட்கவில்லை. "கொண்டாந்துட்டேன்" என்று நானே சொன்னேன்.