இரவல் பின்விளக்குகள்

ஹரி,

நம் புது ஜெனரேட்டர் ட்ரெய்லரில் நீ மாட்டிய பின்விளக்குகளைக் கழற்றிவிட்டேன். கொட்டிவாக்கம் போய், நீ இரவல் வாங்கிய யாசிரின் படகு ட்ரெய்லரிலேயே அவற்றைத் திரும்ப மாட்டச் சொல்லப் போகிறேன். இரவல் விளக்கைக் காட்டி வண்டிக்குப் பதிவு வாங்குவது நம் வீட்டில் நடக்காது.

"எல்லாரும் இப்டித்தான் பண்றாங்கப்பா. இன்ஸ்பெக்டர் பாத்துட்டுப் போயிட்டா அப்புறம் யாரு கேக்கப் போறா?" என்று நேற்று கேட்டாய். கல்யாண ஊர்வலத்தில் முன்னால் விளக்கெல்லாம் ஜொலிக்கும். ட்ரெய்லர் பின்னால் இருட்டில்தான் வரும். அதில் மோதி விழுகிறவன் கேட்பான். ட்ரெய்லரின் முதுகில் உன் தாத்தா பெயர் எழுதியிருக்கிறது.

வரும்போது நமக்கென்று புது விளக்குகள் வாங்கி வருகிறேன். பிரேக்கையும் இணைப்புக் கொக்கியையும் நீ இன்னொரு முறை பார்த்து வை. இன்றைய ஆய்வு தவறினால் தவறட்டும். ஜீப் சாவியை எடுத்துப் போகிறேன், தேடாதே.

இட்லி மூடி வைத்திருக்கிறது. கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே.

அப்பா

பின்குறிப்பு: பதிவாகாமல் ட்ரெய்லர் இன்று வராது என்று இன்றைய ஊர்வலத்துக்கு நம்மிடம் சொல்லிவைத்திருக்கும் ஆழ்வார்பேட்டை கல்யாண வீட்டில் நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன். நீ போன் செய்யாதே. அவர்கள் என்ன பேசினாலும் என்னோடு போகட்டும், உன் காதில் விழ வேண்டாம்.