தொடாத பஞ்சு

என் மனைவிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்கு மாத்திரை போடுகிறாயா? இங்கே இயந்திரம் என் விரலை லேசாகக் கடித்துவிட்டது. பயப்படாதே, மூன்று தையல்தான். நர்ஸ் கண்ணை மூடச் சொல்லி ஊசியால் தொட்டு, "தெரியுதா?" என்றாள். "தெரியலம்மா" என்று உள்ளதைச் சொன்னேன்.

விடுமுறையில் வந்தபோது, புற்றுநோய்க்கு அகற்றிவிட்டுப் புதிதாக அமைத்த உன் மார்பில், டாக்டர் சொன்னபடி பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "தெரியுதுங்க, உணர்ச்சி வந்துடுச்சு" என்று சிரித்தாய். கடைசி நான்கு முறை நீ அப்படிச் சொன்னபோது பஞ்சு உன்மேல் படவேயில்லை. டாக்டரிடமாவது உண்மையைச் சொல்.

பனியன் இரண்டு அனுப்பு. பழையதாக இருந்தாலும் போதும், நீ துவைத்ததாக இருக்கட்டும்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. இந்த இருபது வருடத்தில் வேறு எப்போதெல்லாம் எனக்காக அப்படிச் சிரித்தாய் என்று எழுது.

உன் கணவன்