உங்கள் கறுப்புக் கண்ணாடியின் ஒரு பக்கம்

அன்பு அன்ரன் அண்ணா,

உங்கள் கறுப்புக் கண்ணாடியை நான் உடைத்துவிட்டேன். கோபப்படுவதென்றால் இப்போதே பட்டுவிடுங்கள், இனிச் சொல்லப்போவது அதைவிட மோசம்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும்போதும் ஞாயிறுகளில் ஹெந்தளையில் தூண்டில் போடும்போதும் நீங்கள் கழற்றாத அதே கண்ணாடிதான். "இதப் போட்டா கண் கூசாது, தண்ணிக்குள்ள மீனே தெரியும்" என்று பீற்றிக்கொள்வீர்களே. டெங்கு உங்களைக் கொண்டுபோனதிலிருந்து அது கொட்டாஞ்சேனை வீட்டில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், உங்கள் படத்துக்கு முன்னால் இருந்தது. அம்மா தினமும் காலையில் துடைத்து வைப்பார்.

ஆய்வுகூடத்தில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள், பதில் வருவதற்குள் கொட்டாவி விடுவீர்கள். இன்று கேட்டே ஆகவேண்டும். சாதாரண ஒளி எல்லாப் பக்கமும் அதிரும். முனைவாக்கிய ஒளி ஒரே பக்கமாக மட்டும் அதிரும். அப்படியான லேசர் ஒளியை விரல்நுனி அளவு, கண்ணாடிபோல் தெளிந்த பளிங்கு ஒன்றினூடாக விடுகிறோம். காதுக்கு எட்டாத ஒலியை அந்தப் பளிங்குக்குள் அனுப்பினால், ஒளியில் ஒரு பங்கு வழி விலகிப் போகிறது. விலகுவதோடு, அது அதிரும் திசையும் செங்குத்தாகத் திரும்பிவிடுகிறது.

அதைக் காட்ட, திசை திரும்பிய ஒளியை மட்டும் விடுகிற தகடு ஒன்று கடைசியில் வேண்டும். எங்களிடம் இருந்தது மங்கிப்போயிற்று. புதியது வர மாதங்கள் ஆகும், மாணவர்களின் செய்முறைப் பரீட்சையோ நெருங்கிவிட்டது. அப்போதுதான் உங்கள் மீன் கதை ஞாபகம் வந்தது. தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் பெரும்பாலும் ஒரே பக்கமாக அதிர்வதுதான். அதைத்தானே உங்கள் கண்ணாடி மறித்தது?

பரீட்சை முடிந்ததும் திருப்பிப் பொருத்திவிடலாம் என்று நெம்பினேன். சட்டம் வெடித்தது. ஒரு வில்லையை எடுத்துக்கொண்டு, வெறும் வட்டம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி மிச்சத்தை வைத்துவிட்டுப் போனேன்.

அண்ணா, அது வேலை செய்தது. வில்லையை மெல்லச் சுழற்றத் திரை இருண்டது. ஒலியைப் போட்டேன்; இருட்டில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. நிறுத்தினேன், போய்விட்டது. கைதட்டிச் சிரித்தேன். நீங்கள் போனபின் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அதற்கும் சேர்த்து இப்போது வெட்கப்படுகிறேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா டோர்ச்சோடு அலுமாரிக்கடியில் குனிந்திருந்தார்.

"என்னம்மா தேடுறீங்க?"

"அன்ரன்ட கண்ணாடியில ஒரு பக்கம் இல்ல பிள்ள. துடைக்கேக்க நான்தான் விழுத்தியிருக்கணும். இப்ப கை நடுங்குது தானே."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் வில்லையைக் கொண்டுவா என்பார், பரீட்சை கெட்டுவிடும். ஆகவே நானும் முழங்காலிட்டுத் தேடினேன், அண்ணா. அங்கே இல்லை என்று தெரிந்துகொண்டே தேடினேன். இப்படியும் ஒரு பிள்ளை உண்டா?

பரீட்சை முடிந்துவிட்டது. எல்லாருக்கும் அந்தச் சிவப்புப் புள்ளி தெரிந்தது. இன்று வில்லையை உங்கள் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா கோயிலிலிருந்து வந்ததும் சொல்ல வாயெடுத்தேன்.

"பாவசங்கீர்த்தனத்துக்குப் போனனான்," என்றார். "பிள்ளையின்ட சாமானக் கூடப் பத்திரமா வச்சிருக்கத் தெரியல்ல எண்டு சாமியாரிட்டச் சொன்னனான்."

சாமியார் கொடுத்த பரிகாரச் செபத்தையும் அங்கேயே சொல்லி முடித்துவிட்டாராம். நான் செய்ததற்கு அம்மா மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். எடுத்த வாயை மூடிக்கொண்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போய் அந்தப் புள்ளியைக் காட்டி, அம்மா மகிழ்ந்திருக்கும் நேரம் பார்த்துச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். நீங்கள் என்றால் காதைத் திருகியிருப்பீர்கள். முதலில் சொல்கிறேன். அதன்பிறகும் அம்மா என்னோடு வரச் சம்மதித்தால் காட்டுகிறேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

இத்தோடு நிறுத்துகிறேன். அம்மா மறுபடியும் டோர்ச்சை எடுக்கிறார்.

உங்கள் தங்கச்சி,
மெர்லின்