துணி சுற்றிய ஒயர்

அனுப்புநர்:
மருதாள், க/பெ. (காலஞ்சென்ற) ஆறுச்சாமி,
மேற்கு வீதி, கணியூர்,
உடுமலைப்பேட்டை வட்டம்.

பெறுநர்:
வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
திருப்பூர்.

பொருள்: பனியன் கம்பெனி வேனில் மின்கசிவால் தீப்பிடித்தது – தீபாவளிக்கு முன், சொல்லாமல் வந்து மறு ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் மகள் மயிலாளும் திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்து வந்தோம். எங்கள் பக்கத்துப் பெண்களைக் காலையில் ஏற்றிப் போய் மாலையில் கொண்டுவந்து விடக் கம்பெனி வேன் வருகிறது. இம்மனு அந்த வேனைப் பற்றியது. அதன் எண்ணைத் தனித்தாளில் எழுதியுள்ளேன்.

2. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், நல்ல மழையில் மாலை வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். லைட், வைப்பர், பாட்டுப் பெட்டி மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. பல்லடம் தாண்டியதும் டிரைவர் காலடியில் புகை வந்தது. வண்டியை ஓரம் கட்டுவதற்குள் தீ மேலே ஏறிவிட்டது. பக்கக் கதவுக்குக் கொக்கி உடைந்து நெடுநாளாகிறது. பனியன் துணியை முறுக்கிக் கட்டித்தான் கதவு நிற்கிறது. மழையில் ஊறிய முடிச்சு அவிழவில்லை. ராமாத்தாள் என்பவர் நூல் வெட்டும் டிரிம்மரை மறந்துபோய் இடுப்பில் செருகி வந்திருந்தார். அதைக் கொண்டு முடிச்சை அறுத்தார், நாங்கள் வெளியே விழுந்தோம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். என் மகளுக்கு முழங்கைத் தோலோடு போயிற்று.

3. தீக்குக் காரணம் நான் கண்ணால் பார்த்தது. திருப்பூரில் கை துடைக்க, சைக்கிள் கேரியரில் கட்ட, எதற்கும் பனியன் வேஸ்ட்தான். அதே பழக்கத்தில் டிரைவர் சின்னான், பாட்டுப் பெட்டிக்கு இழுத்த ஒயரின் ஒட்டுகளிலும் பனியன் துணியைச் சுற்றியிருந்தார். அவருக்குப் பின்சீட்டில் உட்காரும் நான் முன்பே ஒருநாள் கேட்டதற்கு, "டேப்பு வெயிலுக்கு எளகிப் போயிருதுங்கக்கா, துணின்னா கப்புன்னு புடிச்சுக்குதுங்க" என்றார். அந்தத் துணி எண்ணெய் குடித்துக் கறுத்துக் கிடந்தது. பியூஸ் அடிக்கடி போகிறதென்று அந்த இடத்தில் தடித்த கம்பி ஒன்றையும் செருகியிருந்தார்கள். சின்னான் கெட்டவர் அல்லர். நாங்கள் வெளியே விழுந்ததும் வெறுங்கையால் தீயை அடித்து அணைத்தவர் அவர்தான்.

4. மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி அவர்களோ, யாரோ பீடித் துண்டைப் போட்டதால் பிடித்த தீ என்கிறார். வந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். சின்னானுக்கு வெற்றிலைப் பழக்கம் மட்டுமே உண்டு. வெற்றிலையில் தீப்பிடித்ததாக இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

5. தங்கள் ஆய்வாளர் ஐயா வந்து பார்த்தது ஆயுத பூஜை முடிந்த கையோடு. அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். பூஜைக்கு மறுநாள் எங்கள் ஊரில் எந்த வண்டியும் புது வண்டிதான். கருகிய துணியை உருவி எறிந்து, புது டேப் சுற்றி, கழுவித் துடைத்து, சந்தனம் வைத்து, மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். குறையில்லை என்று அவர் எழுதிப் போனார். அந்த வாரமே பாட்டுப் பெட்டி நின்றுபோக, சின்னான் பிரித்து மாட்டி மறுபடி துணியைச் சுற்றினார். செருகிய கம்பியும் அப்படியே இருக்கிறது.

6. இதை நான் வெளியே சொன்னதற்கு, "உங்குளுக்கு இனி வண்டீல எடமில்லீங்க, பஸ்ஸுல வந்துக்குங்க" என்று மேனேஜர் மரியாதையாகச் சொல்லிவிட்டார். இரண்டு பஸ் மாறிப் போவதற்குள் கேட் மூடிவிடுவார்கள். என் வேலை போயிற்று. இப்போது வீட்டில் வேலைக்குப் போகிறவள் மயிலாள் ஒருத்திதான். அந்த வேனில் ஏறாதே என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதவு இன்றும் துணியில்தான் நிற்கிறது. டிரிம்மரையோ வெளியே கொண்டுபோகக் கூடாதென்று, கேட்டில் இடுப்பைத் தடவிப் பார்த்து வாங்கிக்கொள்கிறார்கள்.

7. ஐயா, எனக்குப் பெரிய பயம் இனிமேல்தான். தீபாவளிக்கு முதல் நாள் ஆளுக்கொரு ஸ்வீட் பெட்டியும் பட்டாசுப் பெட்டியும் கொடுப்பது கம்பெனி வழக்கம். அத்தனை பட்டாசும் அத்தனை பெண்களின் மடியில் அந்த வேனில்தான் வரும்.

8. ஆகவே முன்கூட்டிச் சொல்லாமல், மாலையில் வேன் புறப்படும் நேரத்தில் வந்து, லைட், வைப்பர், பாட்டுப் பெட்டி மூன்றையும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். கம்பியை எடுத்துச் சரியான பியூஸும் கதவுக்குக் கொக்கியும் போடும்வரை அதை ஓடவிடக் கூடாது. சின்னானின் லைசென்ஸை மட்டும் பிடுங்கிக்கொண்டு இதை முடித்துவிட வேண்டாம் என்றும் கெஞ்சிக் கேட்கிறேன். வேறு டிரைவர் வந்தாலும் கம்பி அதேதான்.

அன்று சின்னான் தீயை அடித்தபோது சாலையில் விழுந்து, நான் பொறுக்கிய கருகிய துணி ஒன்றை இத்துடன் வைத்துள்ளேன். தினமும் மாலையில் நான் கணியூர் நிறுத்தத்தில் போய் நிற்கிறேன். மகள் இறங்கியதும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை; முதலில் அவள் சேலையை முகர்ந்து பார்க்கிறேன். இந்தத் துணியைத் தாங்களும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, எந்த நாளில் வருவதென்று முடிவு செய்ய வேண்டுகிறேன்.

இடம்: கணியூர்
நாள்: 28.10.1996

தங்கள் வருகைக்கு வழி பார்த்திருக்கும்,
(ஒப்பம்) ஆ. மருதாள்

இணைப்பு: வேன் எண் எழுதிய தாள், கருகிய பனியன் துணி.