பாறையில் ஒரு சிப்பியும் இல்லை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நீ உடம்பும் மனசுமா நல்லா இருக்கணும். இங்கே எல்லாரும் சௌக்கியம்னு எழுத இந்தத் தடவை கை வரலை.

உட்கார்ந்து படி. ரெண்டு மாசம் முன்னாடி உங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்துடுச்சு. பல் தேய்ச்சுக்கிட்டிருந்தவர் அப்படியே குளியலறைச் சுவரில் சாய்ஞ்சுட்டார். வலது கையும் காலும் வரலை, பேச்சு குழறுது. உன் ஆராய்ச்சி முடிய இன்னும் கொஞ்ச நாள்தானே, சொன்னா பாதியில் போட்டுட்டு ஓடி வந்துடுவேன்னு மறைச்சேன். நீ போனில் கேட்டப்பல்லாம் தூங்குறார்னு சொன்னது பொய். அதோட நின்னிருந்தா பரவாயில்லை. மாசாமாசம் கடல் தண்ணி வத்துற நாளில் பாறைக்கு இறங்கி, நீ பெயின்ட்டில் எண் போட்ட ஓட்டைச்சிப்பிகளை எண்ணி அனுப்பச் சொல்லி என்னை நம்பி விட்டுட்டுப் போனே. தொப்பி மாதிரி ஓடு, உச்சியில் சாவித்துவாரம் மாதிரி ஓட்டை. தையல்காரி புத்தியில் இதுக்குப் பட்டன் யார் வைக்கிறதுன்னு நான் கேட்க, நீ விழுந்து விழுந்து சிரிச்சே. ரெண்டு வருஷம் ஒரு மாசம் தவறலை. அப்பா படுத்த பிறகு அந்தப் பக்கமே போகலை. நாற்பத்தொண்ணு, அடுத்த மாசம் நாற்பதுன்னு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து நானாவே எழுதி அனுப்பினேன்.

நேத்து பக்கத்து வீட்டு நர்ஸை அப்பாகிட்ட இருக்கச் சொல்லிட்டுப் போனேன். ஒண்ணுகூட இல்லைம்மா. போன மாசம் நடுப்பகலில் தண்ணி வத்தி வெயில் கொளுத்தினப்பவே பிடி விட்டு விழுந்துடுச்சே, நீங்க பார்க்கலையான்னு தூண்டில் போடுறவர் கேட்டார். ஓட்டை இருக்கிறதால அதுக்குத் தண்ணியை உள்ளே பிடிச்சு வச்சுக்க வழியில்லைன்னு நீதானே சொன்னே. விரிசலில் ஒண்ணு மட்டும் ஒட்டியிருந்துது. உயிரோட இருக்குன்னு தொட்டேன், வெறும் ஓடு கையோட வந்துடுச்சு. அங்கேயே உட்கார்ந்துட்டேன். அதுங்க சாகிற நேரத்து எண்ணிக்கைதான் உனக்கு முக்கியம்னு எனக்குத் தெரியாதா. அதைத்தான் கெடுத்துட்டேன். அப்பாகிட்ட சொன்னேன். நாக்கைப் புரட்டிப் புரட்டி, எழுதிடுன்னு மட்டும் சொன்னார்.

முதல்ல உன் பேராசிரியர்கிட்ட உண்மையைச் சொல்லிடு, திட்டினா அம்மா பண்ணினதுன்னு சொல்லு. இந்த மாசத்துக்குப் பூஜ்யம்னு போட்டுக்கோ. நேரத்துக்குச் சாப்பிடு. வான்னு நான் எழுதலை, வராதேன்னு எழுதவும் முடியலை.

எங்க ஆயுசும் சேர்த்து நீ நல்லா இருக்கணும்,
உன் அம்மா