தெய்வானை அக்காவின் ஆமைப்பூட்டு

ஒரு கையால் அடித்து மறு கையால் சோறு போட்ட என் தெய்வானை அக்காவுக்கு,

உங்களை வைத்துப் படம் எடுக்க ஆட்கள் வந்திருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். கொழும்பிலிருந்து இரண்டு வான் நிறையச் சாமான்களோடு வந்து, டொக்யாட் வீதிக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டை எடுத்து, அதற்கு நீலச் சாயம் பூசி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு ஏது நீலம்? வருஷத்துக்கு ஒருதரம் சுண்ணாம்பு அடிக்கவே நீங்கள் மூக்கால் அழுவீர்கள்.

ஊரில் உங்கள் பேச்சு இன்னும் சாகவில்லை. கோப்பிக்கடைத் தெய்வானை என்றால் வயதானவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், பிறகு கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு கதை கேட்பார்கள். யப்பான்காரனோடு சண்டை நடந்த காலத்தில் துறைமுகத்து ஒழுங்கையில் பெண்களை வைத்துத் தொழில் நடத்தியவள். கள்ளுத் தவறணைக்குப் பூட்டு விழுந்திருந்த நாட்களில் கோப்பிக் கேத்தலில் சாராயம் ஊற்றி மாலுமிகளுக்குக் கொடுத்தவள். குண்டு விழுந்த அன்று பெண்களை உள்ளே வைத்து வெளியால் பூட்டிவிட்டு ஓடியவள். இப்படித்தான் கதை. முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது பொய் என்று தெரிந்த ஒருத்தி இன்னும் உயிரோடு இருக்கிறாள். அவள் இத்தனை வருஷமும் வாயைத் திறக்கவில்லை.

படத்தின் கடைசிக் காட்சியே அந்தப் பூட்டுத்தானாம், அக்கா.

என்னை இப்போது சரஸ்வதி ரீச்சர் என்கிறார்கள். நீங்கள் வைத்துவிட்ட பெயர்தான். பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்துப் பென்சன் எடுத்தேன். என்னைக் கட்டினவர் போய்ப் பத்து வருஷமாகிறது. நான் எந்த வீட்டிலிருந்து வந்தவள் என்று அவர் கடைசிவரைக்கும் அறியவில்லை. மகன் குமரன் கந்தோர் ஒன்றில் வேலை செய்கிறான். அவன்தான் படக்காரருக்கு ஒத்திகை பார்க்க எங்கள் முன் ஹோலைக் கொடுத்தவன். "பழைய திருகோணமலையைப் பற்றி அம்மாவைக் கேளுங்கோ, அம்மாவுக்குத் தெரியாத ஒழுங்கை இல்லை" என்று பெருமை வேறு.

உங்களைத் தெய்வமாக்க நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. மூதூரில் சித்தியின் வீட்டில் ஏச்சுக் கேட்டுக் காலம் தள்ளிய இருபது வயதுக்காரியைத் தையல் பழக்குகிறேன் என்று கூட்டிவந்தவர் நீங்கள். முதல் கிழமை மெஷினைக் காட்டினீர்கள். பிறகு என்ன காட்டினீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். தெருவில் போகிறவர்களின் கண்ணில் படும்படி அந்த மெஷினை ஜன்னலோரம் வைத்திருந்தீர்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் காய்ச்சல் வந்தால் தலைமாட்டில் இருந்ததும் நீங்கள்தான். எதை முன்னுக்கு வைக்க, எதைப் பின்னுக்கு வைக்க?

படக்காரருக்குப் பூட்டின் விஷயம் விளங்கவில்லை. அதைப் பூட்டியவர்களுக்குத்தான் விளங்கும். ஒழுங்கை முனையில் விசில் கேட்டால், சிவப்புத் தொப்பிக்காரர் வருகிறார்கள் என்று அர்த்தம். பட்டாளத்துப் பொலிஸ். சாராயம் தேடுவார்கள், கப்பலுக்குத் திரும்பாத மாலுமியைத் தேடுவார்கள். அந்த நேரம் எங்களில் யார் வாசலில் நிற்கிறாளோ அவள் கதவைச் சாத்தி, வெளியால் ஆமைப்பூட்டைக் கொழுவி, திறப்பை மடியில் செருகிக்கொண்டு நடக்கவேண்டும். உள்ளே இருக்கிறவர்கள் இருமவும் கூடாது. பூட்டைப் பார்த்தால் ஆளில்லாத வீடென்று வந்தவன் போய்விடுவான்.

"பூட்டினா நடக்க வேணும். ஓடாத, திரும்பிப் பாராத. நீ பார்த்தா அவனும் பார்ப்பான்." இதை எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! ஒருமுறை நான் திரும்பிப் பார்த்ததற்குக் காதைப் பிடித்துத் திருகினீர்கள். அது நாலு நாள் வீங்கியிருந்தது.

கொழும்பில் குண்டு விழுந்த செய்தி வந்து நாலாம் நாள். சித்திரை வருஷப்பிறப்புக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் விடியப்புறமே எழும்பி, எங்களைக் குறிஞ்சாக்கேணிக்குக் கொண்டுபோக வள்ளம் பிடிக்கப் போனீர்கள். "வெளிக்கிட்டு நில்லுங்கோ, வந்தவுடனை போறம்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். என்னோடு அந்த வீட்டில் இருந்த பாக்கியமும் மெனிக்கேயும் உள்ளே உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன்.

விசில் கேட்டது. நான் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினேன், கதவை இழுத்தேன், பூட்டைக் கொழுவினேன், நடந்தேன். ஒன்றும் யோசிக்கவில்லை. கை பழகின வேலை. அன்றைக்கு விசில் ஊதியது சிவப்புத் தொப்பிக்காரன் இல்லை. குண்டுக்கு ஒளியச் சொல்லி வீடுவீடாக ஊதிக்கொண்டு வந்த காவல்காரன். அந்தக் கிழமை முழுக்கச் சைரனை ஊதிப் பழக்கிக்கொண்டே இருந்ததில், பிறகு உண்மையான சைரன் கேட்டபோதும் எனக்கு மண்டையில் ஏறவில்லை. நான் காளி கோயில் பக்கமாக, நீங்கள் சொல்லித்தந்தபடி, திரும்பிப் பாராமல் போய்க்கொண்டிருந்தேன்.

டொக்யாட்டில் விழவேண்டிய குண்டு ஒன்று எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. பின்னால் மதில் இருந்தது. மாலுமிகள் ஏறிக் குதிக்கக்கூடாதென்று அதன் மேல் உடைந்த போத்தல் கண்ணாடியை நெருக்கிப் பதித்திருந்தீர்கள். அவர்கள் எந்தப் பக்கத்தால் வெளியே வருவது?

நான் திரும்பி வந்தபோது நீங்கள் வாசலில் நின்றீர்கள். கூரை உள்ளே இறங்கிக் கிடந்தது. கதவு மட்டும் நின்றது, அதில் பூட்டும் நின்றது. உங்கள் தலைமயிர் அவிழ்ந்து முதுகில் கிடந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன்.

"அக்கா, சிவப்புத் தொப்பியெண்டு நினைச்சுப் பூட்டிப் போட்டன்."

நீங்கள் அடிப்பீர்கள் என்று நின்றேன். அடித்திருக்கலாம். என் மடியிலிருந்து திறப்பை உருவி உங்கள் மடியில் செருகினீர்கள்.

"வாயைப் பொத்து. உன்ர பேர் இனிச் சரஸ்வதி. இலங்கைத்துறையில என்ர மச்சாள் இருக்கிறா, வள்ளக்காரன் கொண்டுபோய் விடுவான். போ."

"நீங்கள், அக்கா?"

"நான் பூட்டினனான். போடி, திரும்பிப் பாராத."

குறிஞ்சாக்கேணிக்கென்று நாலு பேருக்காகப் பிடித்த வள்ளத்தில் நான் தனியாக இலங்கைத்துறைக்குப் போனேன். பொலிஸ்காரன் கேட்டபோது திறப்பை எடுத்து மேசையில் வைத்தீர்களாம். ஊர் காறித் துப்பியதாம். உங்களை மறியலில் அடைக்கக் கொண்டுபோனார்கள் என்று மச்சாள் குசினியில் குசுகுசுத்ததைக் கேட்டுக்கொண்டு நான் அரிசி அரித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் அப்படிச் செய்தீர்கள், அக்கா? என்மேல் இரக்கமா? தையல் என்று பொய் சொல்லிக் கூட்டிவந்ததற்குப் பிராயச்சித்தமா? இல்லையென்றால், பூட்டுப் பழக்கியது நான்தானே என்ற நினைப்பா? அறுபது வருஷம் நெருங்கப்போகிறது, நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். என்னைக் கேளாமல் எனக்கு ஒரு நல்ல பெயரைக் கட்டி அனுப்பிவிட்டீர்கள். அதைக் கழற்றவும் ஏலாமல், போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கவும் ஏலாமல் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது.

மறியலால் வந்தபிறகு உங்களை ஒருமுறை கண்டேன். சந்தையில், மீன் விற்கிற பக்கம். குமரன் என் இடுப்பில் இருந்தான். நீங்கள் மெலிந்து, வெள்ளைச் சேலையோடு நேரே எனக்கு முன்னால் வந்தீர்கள். நான் வாயைத் திறக்குமுன் என்னைக் கடந்து போய்விட்டீர்கள். ஒரு கண்கூட என் பக்கம் வரவில்லை. நானும் திரும்பவில்லை. இரண்டு பேரும் அந்தப் பழக்கத்தை அவ்வளவு நன்றாகப் பழகி வைத்திருந்தோம்.

அடுத்த மாரிக்கு நீங்கள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனதாகக் கேள்விப்பட்டேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்று ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுப்பார்களே, செத்தவரின் பிறப்பு வளர்ப்பு, பிள்ளை குட்டி எல்லாம் எழுதி? உங்களுக்கு அது அடிக்க ஒருவரும் இல்லை. நான் இருந்தேன். இருந்தும் இல்லாமல் இருந்தேன்.

பிறகு எங்கள் நாட்டுக்குள்ளேயே சண்டை வந்தது. எத்தனை தரம் வீட்டை விட்டு ஓடினோம் என்று சொல்லி முடியாது. ஒருதரமும் நான் கதவைப் பூட்டவில்லை. "அம்மா, கள்ளன் அள்ளிக்கொண்டு போகப் போறான்" என்று குமரன் கத்துவான். போகட்டும் என்பேன். இரண்டு முறை அள்ளிக்கொண்டும் போனார்கள். இன்றைக்கும் இந்த வீட்டில் வெளிப்பூட்டு இல்லை. அப்படியிருந்தும் காலை ஏழு மணிக்கு, அன்றைக்குக் குண்டு விழுந்த அதே நேரத்துக்கு, யாரோ உள்ளேயிருந்து பலகையில் தட்டுவது கேட்கிறது. பாக்கியம் உள்ளங்கையால் தட்டுகிறாள். மெனிக்கே விரலால் தட்டுகிறாள். நான் வானொலியைச் சத்தமாகப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஹோலில் ஒத்திகை நடந்தது. நீங்களாக நடிக்கிற பெட்டை வடிவானவள். உங்களைவிட நாலு மடங்கு வடிவு, கோபிக்காதீர்கள். கையில் ஒரு ஆமைப்பூட்டு. என்னுடைய அலுமாரிக் கதவில் கொழுவிக் கொழுவிப் பார்த்தாள். ஒருமுறை அழுதாள், ஒருமுறை பல்லைக் கடித்தாள், ஒருமுறை சிரித்தாள். படம் எடுக்கிறவளும் ஒரு பெட்டைதான், கண்ணாடி போட்டவள். எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

நடிகை என்னிடம் திரும்பினாள். "அம்மா, பூட்டேக்குள்ள அவவின்ர மனசில என்ன இருந்திருக்கும்?"

"ஒண்டும் இல்லை" என்றேன். "கை பூட்டும். கால் நடக்கும். வாசல் அரைகுறையாக் கூட்டினபடி கிடக்குதே எண்டு மட்டும் ஒரு யோசினை வரும்."

கண்ணாடிக்காரி எழுதுவதை நிறுத்தினாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும், அம்மா?"

குமரன் குசினியிலிருந்து தேத்தண்ணித் தட்டோடு வந்துகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் சொல்வதா என்று ஒரு கணம் பார்த்தேன். பிறகு அவனுக்கு முன்னால்தான் சொல்ல வேண்டும் என்று பட்டது.

"தெய்வானை அக்கா அண்டைக்கு அங்க இருக்கேல்லை. வள்ளம் பிடிக்கப் போனவ. பூட்டினது நான். நானும் அந்த வீட்டுப் பொம்பிளைதான்."

தட்டு விழவில்லை. அவன் அதைக் கவனமாக மேசையில் வைத்தான், எல்லோருக்கும் கோப்பையை எடுத்துக் கொடுத்தான், செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை எடுத்துத் தந்தான், மருந்துக் குளிசையை எடுத்துத் தந்தான், முகத்தைப் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளை முகம் பாராமல் இருப்பது இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. செத்துவிடலாம் போல இருந்தது, அக்கா.

இன்றைக்குக் காலை வந்து என் கட்டிலில் இருந்தான். "அந்த ரெண்டு பேரின்ர பேர் என்ன, அம்மா?"

"பாக்கியம். மெனிக்கே."

அவன் இரண்டு பெயரையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். "உங்கட பேர்?"

"கனகம்."

"நாளைக்கு ஏழு மணிக்கு அந்தக் காட்சியை மாத்தி எடுக்கினமாம். நீங்கள் வந்து பூட்டிக் காட்ட வேணுமாம். நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றான்.

இப்போது இன்னொன்று இருக்கிறது. அதை அன்றைக்கு உங்களுக்கும் சொல்லவில்லை, செவ்வாய்க்கிழமை ஹோலிலும் சொல்லவில்லை. என் கையெழுத்து இப்போது கோழிக் கிளறல். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். கொடுக்க முன் குமரன்தான் இதைப் பார்த்து எழுதுவான், அப்போது அவனும் வாசிப்பான். வாசிக்கட்டும்.

காளி கோயிலடிக்குப் போய்ச் சேருமுன்னே எனக்கு விளங்கிவிட்டது, அக்கா. மேலே பார்த்தேன். விமானம் கூட்டமாக வந்துகொண்டிருந்தது. சனம் "குண்டு, குண்டு" என்று கத்திக்கொண்டு ஓடியது. திறப்பு என் மடியில் இருந்தது. வீடு அவ்வளவு தூரமில்லை. ஓடிப்போய்த் திறந்திருக்க நேரம் இருந்தது. நான் மற்றப் பக்கம் ஓடினேன். கடற்கரைப் பாறைக்குக் கீழே குந்தி, திறப்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, சத்தம் ஓயும்வரை இருந்தேன்.

நீங்கள் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டது ஒரு பெட்டையின் பிழையை என்று நினைத்திருப்பீர்கள். அது பிழை மட்டும் இல்லை. தெரிந்திருந்தால் அந்தத் திறப்பை என் மடியிலிருந்து எடுத்திருப்பீர்களா?

நாளைக்கு நான் போவேன், அக்கா. பூட்டைக் கொழுவி நடப்பது எப்படி என்று அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். பூட்டினவள் கோயிலடியில் நின்று மேலே பார்த்ததையும், பிறகு எந்தப் பக்கம் ஓடினாள் என்பதையும் எடுக்கச் சொல்வேன். கனகம் என்ற பெயரை மாற்றவேண்டாம் என்பேன். உங்களுக்குக் கல்வெட்டு அடிக்காத நான் இந்த ஒன்றையாவது செய்து முடிப்பேன். படம் முடிகிறபோது திறப்பு என் மடியில் இருக்கும், உங்கள் மடியில் இராது. இது சத்தியம்.

உங்கள் தங்கச்சி,
கனகம்